சப்பிரகமுவத் தோட்டங்களிற் பேறுகாலச் செலவும் கருத்தடையும்

இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கூலி, கடன், குடியுரிமை என்னும் மூன்றினையே தம் நூல்களுக்குத் தூண்களாக நிறுத்தினர். அவை பெரும்பொருள்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு மறுநாள் முதல் உணவளித்தவர் யார், அவள் வேலைக்குத் திரும்பும் நாளை வகுத்தவர் யார், அடுத்த பிள்ளையைத் தள்ளிவைக்க அவள் விரும்பின் அதற்காகும் செலவைத் தாங்கியவர் யார் என்னும் வினாக்கள் அந்நூல்களில் ஓரிரு பக்கங்களுக்கு மேல் இடம்பெறவில்லை. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட சப்பிரகமுவ மாகாணத்தை முன்வைத்து இவ்வினாக்களை ஆராயுமிடத்து, செலவைத் தாங்கியவர் எவரோ அவரே பெரும்பாலும் தீர்மானத்தையும் தம் கையில் வைத்திருந்தார் என்பது புலனாகும்.

மலைநாடு என்றவுடன் நுவரெலியா, அற்றன் முதலிய உயர்ந்த தேயிலை மலைகளே எவர்க்கும் நினைவில் எழும். 1889-ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக்கப்பட்ட சப்பிரகமுவவின் நிலைமை வேறு. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பகுதிகளிலே தேயிலையும் இறப்பரும் கலந்து நிற்க, யட்டியாந்தோட்டை, தெரணியகலை, றுவான்வெல்லைப் பகுதிகளிலே இறப்பரே மேலோங்கி நிற்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இறப்பர் விலை ஏறியபோது இங்குக் காடுகள் விரைவில் அழிக்கப்பட்டுத் தோட்டங்களாயின. நுவரெலியாவில் ஒரு மலையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தமிழ்த் தொழிலாளரின் லயங்களே தெரியும். சப்பிரகமுவவிலோ தோட்டங்கள் சிங்களக் கிராமங்களிடையே சிதறுண்டு கிடக்கின்றன. ஒரு லயத்திற்கும் அடுத்த தோட்டத்து லயத்திற்கும் இடையிலே வயலும் விகாரையும் கடைவீதியும் உள்ளன. இவ்வேறுபாடு சிறிதன்று. வைத்தியசாலைக்குச் செல்லும் தமிழ்ப் பெண் அங்கே தன் மொழி பேசுவோரைக் காண்பாளா என்பது இதனையே பொறுத்தது.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென அரசு செய்த முதற் பொது ஏற்பாடு கோப்பிக் காலத்தது. 1872-ஆம் ஆண்டிலும் அதனையடுத்து 1880-களிலும் பிறந்த மருத்துவத் தேவைக் கட்டளைச் சட்டங்கள், தோட்டப் பகுதிகளில் வைத்திய உத்தியோகத்தரையும் மருந்தகங்களையும் நிறுவி, அவற்றின் செலவைத் தோட்டக்காரர் மீது சுமத்தின. முதலில் அச்செலவு ஏக்கருக்கு இவ்வளவு என்னும் வரியாக அறவிடப்பட்டது. பின்னர் விளைபொருள்களின் ஏற்றுமதித் தீர்வையாக மாறிற்று. தாமே வைத்தியசாலை வைத்து நடத்திய தோட்டங்களுக்குச் சலுகையும் உண்டு. நுணுகி நோக்கின் இஃது ஒருவகைக் காப்புறுதியே. பலரிடம் சிறுதொகை பெற்று, நோயுற்ற சிலருக்குச் செலவிடுவது காப்புறுதியின் இலக்கணம். ஆனால் எந்தக் காப்புறுதியிலும் கட்டணம் கட்டுபவர் ஒருவர், பயன் பெறுபவர் மற்றொருவர் என்றால், எவ்வெவற்றிற்குப் பணம் கொடுக்கலாம் என்பதை வரையறுப்பவர் கட்டணம் கட்டுபவரே. தோட்டக்காரர் கட்டியது தொழிலாளியின் உடல்நலத்துக்கன்று, வேலைநாள் குறையாமைக்கு. கொலரா, அம்மை, கொழுக்கிப்புழு ஆகியவை வேலைநாளைக் குறைத்தன. ஆகவே அவை கணக்கில் வந்தன. பேறுகாலமோ நெடுங்காலம் கணக்கிற் சேரவில்லை.

அது கணக்கிற் சேர்ந்தது 1912-இல். அவ்வாண்டிற் பிறந்த தொழிலாளர் நோய்கள் பற்றிய கட்டளைச் சட்டம் தோட்டத்துரைக்குச் சில கடமைகளை விதித்தது. தோட்டத்தில் பிள்ளை பெறும் ஒவ்வொரு பெண் தொழிலாளிக்கும், பேற்றுக்குப்பின் ஒரு மாதத்துக்குப் போதிய உணவும் உறைவிடமும் அளிக்கவேண்டும். மாவட்ட வைத்திய உத்தியோகத்தர் தகுதியுடையவளென அத்தாட்சி கொடுத்தாலன்றி, அம்மாதத்தில் அவளை வேலை வாங்கலாகாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உரிய பராமரிப்பும் போசணையும் கிடைக்கச் செய்யவேண்டும்.

அக்காலத்து ஆசிய நாடுகள் பலவற்றில் இத்தகைய விதி எழுத்தளவிற்கூட இருந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயினும் இவ்விதியின் உள்ளமைப்பை நோக்குக. உறைவிடம் என்பது அவள் ஏற்கெனவே குடியிருந்த அதே லயத்து அறை. உணவு என்பது அரிசி. கூலி பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேலைக்கு மீளும் நாளை உரைப்பவர் அரசினர் வைத்தியர். அவளுடைய விருப்பம் எவ்விடத்தும் கேட்கப்படவில்லை. ஒரு மாதம் கழிந்தபின் அவள் கொழுந்துக் கூடையையோ பால்வாளியையோ மீண்டும் எடுத்துக்கொள்ள, குழந்தை பிள்ளை மடுவத்தில் ஓர் ஆயாவிடம் விடப்பட்டது.

இவ்வொரு மாத எல்லையினால் விளைந்த மற்றொரு பயன் அக்காலத்தில் எவராலும் எண்ணப்படவில்லை. தாய் இரவும் பகலும் முழுமையாகப் பால் கொடுக்குங்கால், மாதவிலக்கு மீளாத வரையில், முதல் 6 மாதங்களுக்கு மறுகருவுறுதல் மிக அரிது. 1988-ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள பெல்லாஜியோவிற் கூடிய அறிஞர், இப்பாதுகாப்பு நூற்றுக்கு 98 அளவினது எனக் கண்டனர். நம் பாட்டிமார் எந்த மாநாடும் கூடாமலே இதனை அறிந்திருந்தனர். ஆனால் முப்பதாம் நாளிற் பெரட்டுக்களத்துக்குப் போகும் தாய், பகற்பொழுதில் ஓரிரு முறையே மடுவத்துக்கு ஓடிவந்து பால் கொடுக்க முடியும். பால் கொடுக்கும் இடைவெளி நீள நீள அவ்வியற்கைக் காவல் தளர்கின்றது. போதாக்குறைக்கு, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்களிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 200-ஐ ஒட்டிய தொகையினர் ஓராண்டு நிரம்புமுன் மாண்டனர். குழந்தை இறந்தாற் பால் நிற்கும். பால் நின்றால் அடுத்த கருப்பம் விரைவில் வரும். தோட்டப் பெண்கள் அறியாமையினால் ஆண்டுதோறும் பெற்றனர் என்று அறிக்கைகளில் எழுதிய உத்தியோகத்தர், அறியாமையை அளந்த கோலால் வேலைநேரத்தையும் அளந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

1939-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பேறுகாலத்தில் பணமாகவே ஒரு தொகை பெறும் உரிமையைப் பெண் தொழிலாளிக்கு முதன்முதலில் அளித்தது. அரசாங்க சபையில் அப்பொழுது றுவான்வெல்லைத் தொகுதியின் உறுப்பினராயிருந்தவர் கலாநிதி என். எம். பெரேரா. 1934, 1935-ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைச் சூறையாடியபோது அவரும் தோழரும் அங்கே நிவாரணம் செய்து மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தனர். இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கும் அன்று ஓரளவு வாக்குரிமை இருந்தது. தொழிலாளர் சட்டங்கள் அக்காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தமைக்கும் வாக்குரிமைக்கும் தொடர்பில்லை என்று சொல்லவியலாது. எனினும் இச்சட்டத்திலும் தோட்டங்களுக்கென ஒரு மாற்று வழி வைக்கப்பட்டது. பிரசவ விடுதியும் மருத்துவச்சியும் உணவும் அளிக்கும் தோட்டம், பணமாகக் கொடுக்கவேண்டிய பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். நகரத்துத் தொழிற்சாலைப் பெண்ணின் கையில் காசு கிடைக்க, தோட்டப் பெண்ணுக்கு அதன் ஒரு பங்கு துரையின் விடுதியாகவும் துரையின் சோறாகவும் கிடைத்தது. விடுதிகள் உயிர்களைக் காத்தன என்பது உண்மை. ஆனால் காசு பெற்றவள் அதனைக் கொண்டு எங்குச் செல்வதென்று தானே தீர்மானிக்கலாம். விடுதி பெற்றவளுக்கு அத்தீர்மானம் இல்லை.

இதனிடையே தோட்ட எல்லைக்கு வெளியே வேறொரு முறை வளர்ந்துகொண்டிருந்தது. 1926-ஆம் ஆண்டில், இரத்தினபுரிக்கு மேற்கேயுள்ள களுத்துறையில், இலங்கையின் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. குறித்த ஒரு பகுதிக்கு ஒரு வைத்திய அதிகாரி, வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாது என்பது அதன் அமைப்பு. கருவுற்ற நாள் முதல் தாயின் வீட்டு வாயிலுக்கே அரசு செல்லும் இம்முறை தீவெங்கும் பரவிற்று. பிற்காலத்தில் ஆய்வாளர் வியந்து பாராட்டிய இலங்கையின் சுகாதாரச் சாதனைக்கு இதுவே அடித்தளம். ஆனால் மருத்துவமாதின் வட்டாரம் நெடுங்காலம் தோட்டத்தின் படலையோடு நின்றது. தோட்டம் துரையின் பொறுப்பு என்பது அரசின் நிலைப்பாடு. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டில் வந்த சட்டங்களும் அம்மக்களை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கியபின், அந்நிலைப்பாட்டை மாற்றவேண்டிய கட்டாயம் எந்த உறுப்பினருக்கும் இல்லாது போயிற்று. யட்டியாந்தோட்டையில் ஒரே ஓடைக்கு இப்புறம் வாழ்ந்த சிங்களத் தாய்க்கு மருத்துவமாது வந்தாள். அப்புறம் வாழ்ந்த தமிழ்த் தாய்க்குத் தோட்டத்து மருந்துக்காரரே கதி.

கருத்தடை என்னும் பொருள் இலங்கையில் பொது முயற்சியாகத் தோன்றியதும் தோட்டத்துக்கு வெளியேதான். கனடாவிற் பிறந்து தமிழரொருவரை மணந்து இந்நாட்டையே தம் நாடாக்கிக்கொண்ட டாக்டர் மேரி இரத்தினம் 1937-இற் கொழும்பில் ஒரு நிலையத்தைத் திறந்தார். பலத்த எதிர்ப்பினிடையே அது நீடிக்கவில்லை. 1953-இல் அவரும் சில்வியா பெர்னாண்டோ அம்மையாரும் பிறரும் சேர்ந்து குடும்பத் திட்டச் சங்கத்தை நிறுவினர். அதன் நிலையங்களை வளர்த்தவருள் தலைசிறந்தவர் டாக்டர் சிவா சின்னத்தம்பி. கருத்தடை மாத்திரையை இந்நாட்டுப் பெண்களிடையே முதலில் ஆராய்ந்து அறிமுகஞ் செய்தவரும் இத்தமிழ் அம்மையாரே. 1958-ஆம் ஆண்டில் சுவீடன் அரசோடு செய்த உடன்படிக்கையின்படி நடந்த முன்னோடி முயற்சிக்குக் கிராமத்தின் சார்பிற் பண்டாரகமையும், தோட்டத்தின் சார்பில் மலையுச்சியிலுள்ள டயகமத் தோட்டமும் தெரிவுசெய்யப்பட்டன. சப்பிரகமுவவின் சிதறுண்ட இறப்பர்த் தோட்டங்கள் அம்முயற்சியில் இடம்பெறவில்லை. 1965-இல் அரசு குடும்பத் திட்டத்தைத் தாய் சேய் நலப்பணியின் ஒரு பகுதியாக ஏற்றது. ஏற்ற பணியைச் செய்யவேண்டியவள் மருத்துவமாது. அவளோ தோட்டத்துக்குட் செல்வதில்லை. முடிவு யாதென்பதைக் கூறவேண்டுவதில்லை.

1972-ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டமும் 1975-ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசின் உடைமையாக்கின. துரையே அரசாகவும் அரசே துரையாகவும் ஆனமையால், ஒரு நூற்றாண்டுக் காலமாக நின்ற படலை இனித் திறக்குமென எதிர்பார்த்தோர் உண்டு. முதலில் வந்தது பட்டினி. 1973, 1974-ஆம் ஆண்டுகளில் உணவுப் பங்கீடு குறைந்து, தோட்டங்களில் இறப்பு வீதம் ஏறிற்று. 1977-ஆம் ஆண்டிலும் பின்னர் 1981 ஆகத்து மாதத்திலும் வன்செயல் வெடித்தபோது இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்ட லயங்கள் தாக்கப்பட்டன. பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் ஓடின. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறியோர் வேறு. ஒரு லயத்தில் யார் இருப்பர், யார் போவர் என்று தெரியாத அந்த ஆண்டுகளிலேதான் நிரந்தரக் கருத்தடை இயக்கம் தோட்டங்களை அடைந்தது.

1980-ஆம் ஆண்டு முதல், கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசு ஈட்டுப்பணம் அளித்தது. நூறு ரூபாயிலே தொடங்கிய அத்தொகை 500 ரூபாய் வரை உயர்ந்தது. ஆண்களும் பெறலாம், பெண்களும் பெறலாம். நகரத்து அலுவலருக்கு 500 ரூபாய் ஒரு சிறு மகிழ்ச்சி. நாட்கூலி பெறும் குடும்பத்துக்கோ அது பல வாரக் கூலி. பெண்ணுக்கு ஆணோடு ஒத்த கூலி 1984-இலேதான் கிடைத்தது என்பதையும் சேர்த்து எண்ணுக. அவளுடைய உழைப்பால் வந்த கூலியைக் கணவனே சென்று கையெழுத்திட்டு வாங்கும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. ஈட்டுப்பணம் ஒன்றுதான் அவளுடைய உடலின் பேராற் கிடைத்த தொகை. ஆகவே அதனை விரும்பினாள் என்று எளிதிற் சொல்லிவிடுகின்றோம். விருப்பமும் தேவையும் ஒன்றாகுமா என்பது வேறு கேள்வி.

தோட்டப் பெண்ணின் கருப்பத்தைப் பண அளவிற் கணக்கிடும் வழக்கம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. தென்னிந்தியத் தோட்டக்காரர் ஐக்கிய சங்கம் 1971-இல் நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள் மூன்றில் ஒரு புதுமையான திட்டத்தைத் தொடங்கிற்று. பிள்ளை பெறாதிருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பெண் தொழிலாளியின் பேரில் 5 ரூபாய் சேமிப்பிற் போடப்படும். பேறுகால வயது கழிந்தபின் அத்தொகை முழுவதையும் அவள் முதுமைக்காகப் பெறலாம். மேன்மேலும் பிள்ளை பிறப்பின் சேமிப்பில் ஒரு பங்கை இழப்பாள். பேறுகாலக் கூலி, மருத்துவம், பிள்ளை மடுவம் ஆகியவற்றிற் சங்கத்துக்கு மிஞ்சும் செலவே இச்சேமிப்பின் ஊற்று. இத்திட்டத்தில் ஒரு நேர்மை உண்டு. தோட்டக்காரருக்கு என்ன இலாபம் என்பதை அது மறைக்கவில்லை. அதனினும் மேலாக, எந்த முறையினாற் கருத்தடை செய்வதென்பதை அப்பெண்ணின் தெரிவுக்கே விட்டது. லூப் ஆயினும் மாத்திரையாயினும் சத்திரசிகிச்சையாயினும் சேமிப்பு ஒன்றே. இலங்கையின் ஈட்டுப்பணமோ ஒரே ஒரு முறைக்கு உரியது. அதுவும் திரும்பி வர இயலாத முறை.

அந்த ஒரு முறை தோட்டங்களில் ஏன் வேரூன்றிற்று என்பதை விளங்கிக்கொள்ள ஈட்டுப்பணம் மட்டும் போதாது. வழிச்செலவைக் கணக்கிடவேண்டும். தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றைக் கற்பனை செய்க. பால்வெட்டு விடியற்காலையில் தொடங்குவது. வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும் ஆதலின் மரத்துக்கு மரம் ஓடி வெட்டிப் பின் வாளியோடு திரும்பி வந்து சேர்த்து நிறுத்துக் கொடுக்கவேண்டும். அரசினர் நிலையத்திற் சிகிச்சை நேரமும் அதே காலைப்பொழுது. மூன்று மாதத்துக்கொருமுறை ஊசி போட்டுக்கொள்ள விரும்புபவள் ஆண்டில் நான்கு நாள் வேலையை இழக்கவேண்டும். மாத்திரை உண்பவள் அது தீருந்தோறும் செல்லவேண்டும். லூப் வைத்துக்கொள்பவள் வைக்கவும், பின் பார்க்கவும், துன்பம் நேரின் எடுக்கவும் செல்லவேண்டும். மருந்து இலவசமே. பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் இலவசமல்ல. பிற்காலத்தில் இவ்விழப்பு இன்னும் கூர்மையாயிற்று. 2016-ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்று கூறப்பட்டதெனினும், அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாயே. மீதியில் 60 ரூபாய் வரவுக்கான ஊக்கப்பணம். வேலை வழங்கப்பட்ட நாட்களுள் நூற்றுக்கு 75 வரவில்லாதவருக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே சிகிச்சை நிலையத்துக்குச் சென்ற ஒரு நாள், அந்த ஒரு நாட்கூலியை மட்டுமன்றி, மாதம் முழுவதற்குமான ஊக்கப்பணத்தையும் கொண்டுபோய்விடக் கூடியதாயிருந்தது.

சத்திரசிகிச்சைக்கோ ஒரே பயணம். பிள்ளை பெறுதற்கு எவ்வாறும் கரவனெல்லைக்கோ கேகாலைக்கோ இரத்தினபுரிக்கோ பலாங்கொடைக்கோ செல்லவேண்டியவள், அங்கே படுக்கையிலிருக்கும்போதே, மக்கள் எல்.ஆர்.டி. என்று வழங்கும் அச்சிகிச்சையையும் செய்துகொண்டு திரும்பிவிடலாம். மற்றொரு நாள் செய்வதாயினும் தோட்டத்து லொறியே கொண்டுபோய்க் கொண்டுவரும். லூப்புக்கும் ஊசிக்கும் லொறி கிடைப்பதில்லை. நாடு முழுவதும் பின்னர் நடைபெற்ற குடித்தொகை சுகாதார ஆய்வுகள், தோட்டத்துறையிற் பெண்ணின் நிரந்தரக் கருத்தடை கிராமத்தினும் நகரத்தினும் மிகுந்தும், தற்காலிக முறைகளும் மரபுமுறைகளும் குறைந்தும் இருப்பதைத் திரும்பத் திரும்பக் காட்டின. தோட்டப் பெண்களின் மனப்பான்மையே இதற்குக் காரணம் என்பாருளர். ஒரே ஒரு கதவைத் திறந்துவைத்து மற்றவற்றைப் பூட்டியபின், அனைவரும் அக்கதவாற் சென்றமைக்கு மனப்பான்மையைக் காரணங்கூறுதல் விந்தையே.

இன்னொரு வினா ஒப்பத்தைப் பற்றியது. சிகிச்சைக்கு முன் கையெழுத்திடும் தாள் எம்மொழியில் இருந்தது? விளக்கிக் கூறியவர் எம்மொழியிற் கூறினார்? நுவரெலியாவிலாவது தாதியரிடையே தமிழ் தெரிந்தோர் சிலர் இருப்பர். சப்பிரகமுவ வைத்தியசாலைகளில் அது நற்பேறே. தோட்டப் பெண்கள் கடைவீதிச் சிங்களம் பேசுவர். ஆனால் கருக்குழாயைக் கட்டிவிட்டால் மீண்டும் பிள்ளை பிறவாது என்பதைக் கடைவீதி மொழி தாங்காது. பேற்று வலியின் நடுவிலே கேட்கப்படும் ஒப்பம் எவ்வளவு ஒப்பமாகும் என்பதும் எண்ணத்தக்கது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஆராய்ச்சி செய்த சசிகுமார் பாலசுந்தரம் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், தகுந்த விளக்கமும் விருப்பமும் இன்றி இச்சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்ட பெண்களின் நிலையை எடுத்துரைத்தார். இனக்கலவரத்தின் நினைவு ஆறாத மாகாணத்தில், தம் இனத்தைக் குறைக்கவே இது செய்யப்படுகின்றது என்ற ஐயம் பரவியதில் வியப்பில்லை. எனினும் எல்லாப் பெண்களையும் ஏமாற்றப்பட்டோராகக் காட்டுவதும் அவர்களுக்குச் செய்யும் நீதியன்று. மூன்றாவது, நான்காவது பிள்ளையோடு போதும் என்று தாமே உறுதிகொண்டு, மாமியாரின் சொல்லையும் மீறிச் சென்றோர் பலர். அவர்கள் வேண்டியது கிடைத்தது. இடைவெளி மட்டும் வேண்டிய இளந்தாய்க்கே கிடைக்கவேண்டியது கிடைக்கவில்லை.

ஒப்பம் பற்றிய இவ்வினா செல்வம் மிக்க நாட்டிலும் எழுந்ததே. ஐக்கிய அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஏழைச் சிறுமியர் இருவருக்குச் செய்யப்பட்ட கருத்தடை 1973-இல் வழக்காயிற்று. லொஸ் ஏஞ்சல்சு நகரத்து வைத்தியசாலையொன்றில், ஆங்கிலம் நன்கறியாத மெக்சிக்க வழித்தாய்மார் பேற்று வேளையிற் கையெழுத்திட்டமை பற்றி 1975-இல் மற்றொரு வழக்கு எழுந்தது. இதன்பின் 1978-இல் அந்நாடு விதி செய்தது. வறியோருக்கான மெடிக்கெயிட் காப்புறுதி பணம் கொடுக்கவேண்டுமாயின், பெண் 21 வயது நிரம்பியவளாயிருத்தல் வேண்டும். ஒப்பமிட்டு 30 நாள் கழியவேண்டும். விளங்காத மொழியாயின் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பணம் கொடுக்கும் விதியினூடாகவே பெண்ணின் விருப்பத்துக்கு வேலி கட்டியமை இதன் சிறப்பு. ஆயினும் அதே காப்புறுதி வேறொரு பிழையைச் செய்தது. பேற்றுக்கு மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்தமையால், பேறு முடிந்தவுடன் லூப் வைத்தால் வைத்தியசாலைக்குத் தனிப்பணம் கிடையாது. ஆறு வாரங் கழித்து வா என்று தாயை அனுப்பினர். பலர் மீண்டும் வரவில்லை. வந்தோருட் சிலருக்கோ 60-ஆம் நாளோடு காப்புறுதி முடிந்திருந்தது. தென் கரோலைனா மாநிலம் 2012-இல் அதற்கெனத் தனிப்பணம் கொடுக்க முதலிற் துணிந்தது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இலங்கையில் வைத்தியசாலைக் கட்டணம் என்பதே இல்லையாதலால் இத்தடை இங்கு எழவில்லை. 2013-ஆம் ஆண்டளவில் உலக மகப்பேற்று மருத்துவர் கூட்டமைப்பின் துணையோடு, பேறு முடிந்தவுடன் வைத்தியசாலையிலேயே லூப் வைக்கும் பயிற்சி இந்நாட்டிலேயே முதலில் தொடங்கிற்று. ஒரே பயணத்தில் முடிவதும், வேண்டும்பொழுது எடுக்கத்தக்கதுமாகிய இம்முறை, தோட்டப் பெண்ணின் வழிச்செலவுக் கணக்குக்குச் சாலப் பொருந்துவது. விளக்கம் அவள் மொழியில், கருப்ப காலத்திலேயே, தோட்டத்திலேயே சொல்லப்படவேண்டும் என்பதொன்றே எஞ்சுவது.

1992-இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. மருத்துவ, நலன்புரி வேலைகளுக்கென நிதியமொன்று அமைக்கப்பட்டது. அதுவே 2002-இல் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமாயிற்று. 1990-களின் நடுப்பகுதியிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு ஏற்றது. மருத்துவமாதின் வட்டாரத்துட் தோட்டமும் படிப்படியாகச் சேர்ந்தது. 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோரையும் குடிகளாக்கியது. படலை திறந்தது. ஆனால் தமிழறிந்த மருத்துவமாது கிடைத்தல் சப்பிரகமுவவில் அரிதாகவே இருந்து வந்தது.

இனி, மகப்பேற்றுச் சட்டத்துக்கு மீள்வோம். பிற்காலத் திருத்தங்களின்படி, முதலிரு பேறுகளுக்கு 84 நாள் விடுமுறையும் சம்பளமும் உண்டு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை உடையவளுக்கோ 42 நாளே. மூன்றாம் பிள்ளையைச் சுமந்த உடலுக்கு ஓய்வு பாதி போதும் என்று எந்த மருத்துவ நூலும் கூறவில்லை. இஃது ஓய்வுபற்றிய விதியன்று, பிள்ளைத்தொகை பற்றிய விதி. ஈட்டுப்பணம் கொடுத்துத் தடுக்க முயன்ற பிள்ளையை, பிறந்தபின் தாயின் ஓய்வைக் குறைத்துத் தண்டித்தது போலாயிற்று. அதன் சுமை, வீட்டிலிருந்து பிள்ளை வளர்க்கும் வசதியுடையோர்மீதன்று, நாட்கூலிக்காரியின் மீதே விழுந்தது. 42-ஆம் நாளில் அவள் வேலைக்கு மீண்டபோது, 1912-ஆம் ஆண்டின் 30 நாளுக்கும் அதற்கும் இடையே வேறுபாடு 12 நாட்களே. 2018-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இவ்வேற்றுமையை நீக்கி, எத்தனையாம் பிள்ளையாயினும் 84 நாள் என ஒருதன்மைப்படுத்தியது.

அவ்வுரிமை செக்ரோலிற் பேர் உள்ளவளுக்கே உரியது. அண்மைக் காலத்தில் கம்பனிகள் பல, தேயிலைக் காணியையோ இறப்பர் மரங்களையோ குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, விளைச்சலை விலைக்கு வாங்கும் வருமானப் பகிர்வு முறையைப் பரப்பி வருகின்றன. அம்முறையில் அவள் தொழிலாளியல்லள், ஒப்பந்தக்காரி. பேறுகாலத்தில் அவளுடைய மரங்களை வெட்டப் பிறரை வைத்துக் கூலி கொடுக்கவேண்டியவளும் அவளே. காவத்தையிலும் யட்டியாந்தோட்டையிலும் லயங்களை விட்டுக் கொழும்பு வீடுகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்ற இளம்பெண்கள், பேற்றுக்காக மட்டும் தாய்வீட்டு லயத்துக்குத் திரும்புகின்றனர். அங்கே தோட்டத்துப் பதிவேட்டில் அவர்களுக்குப் பேரில்லை. மருத்துவமாதின் பதிவேடு ஒன்றிலேதான் அவர்களின் பேர் எழுதப்படுகின்றது.